ஒற்றை எர்த்து

பாடி மேம்பாலத்துக்குக் கீழே இறங்கி, எந்த லாரி டிரைவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வயரிங் வேலைக்கு யாரிடம் போவது என்று. பத்துப் பேரில் ஏழு பேர் அம்பத்தூரில் இருக்கும் என் கடைக்குத்தான் கை காட்டுவார்கள். மிச்சம் மூணு பேர் ஊருக்குப் புதுசு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அடுத்தவன் கடையில் பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊற்றி, ஆசிட் பட்டு சட்டையெல்லாம் ஓட்டையாகி, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்தேன். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எரியாத ஹெட்லைட்டைக் கொண்டு வந்தால் வண்டியை விட்டு டிரைவர் இறங்குவதற்குள் எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். இப்பவும் சொல்வேன்.

இத்தனை வருஷத் தொழிலில் ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் ஒரே ஒரு வேலையில், ஒரே ஒரு ஆள் விஷயத்தில், மூணு தடவை பொய் சொன்னேன். அந்த வேலை லாரி கூட இல்லை. ஒரு விளையாட்டு ஏரோப்ளேன்.

விளையாட்டு என்றால் பிள்ளைகள் விளையாடுவது இல்லை. என் கடை மேஜையை விட நீளம். போர் விமானம் மாதிரி கூர்மையான மூக்கு, சாம்பல் பெயிண்ட். வயிற்றுக்குள்ளே ஒரு விசிறி. அது சுற்றினால் நிஜ ஜெட் போகிற மாதிரியே விசில் அடிக்கும். கீழே நின்று ரேடியோ பெட்டியில் இருக்கிற ரெண்டு குச்சியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஓட்டுவார்கள்.

அதைக் கொண்டு வந்தவர் சேக்காட்டில் அடுக்குமாடியில் குடியிருப்பவர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். வயசு முப்பத்தஞ்சு இருக்கும். போன வருஷம் அவர் காரில் டைனமோ சார்ஜ் ஏறாமல், ரெண்டு இடத்தில் காட்டி, ரெண்டு இடத்திலும் புது டைனமோ போடச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒரே ஒரு டயோடை மாற்றி அனுப்பினேன். அன்றையிலிருந்து என் மேல் அவருக்கு ஒரு பக்தி. என்னை அண்ணாச்சி என்பார். நான் என்ன மளிகைக்கடையா வெச்சிக்கினு கீறேன் என்று கிண்டல் பண்ணுவேன். சிரித்துவிட்டு மறுபடி அண்ணாச்சி என்பார்.

அந்த ஜெட்டை அவரே ஒண்ணரை வருஷமாகக் கட்டியிருந்தார். ஹாலில் வைத்து. பசை வாடை தாங்காமல் அவர் வீட்டம்மா ஊருக்கே போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வந்தாராம். வெள்ளானூர் தாண்டி ஒரு வறண்ட ஏரி இருக்கிறது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினஞ்சு பேர் கூடி இந்த மாதிரி விமானங்களைப் பறக்க விடுகிறார்கள். ஆவடியில் கவர்ன்மெண்டு வேலை பார்த்து ரிட்டயர்டு ஆன ஒரு சார்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சும்மா தெர்மாகோல் விமானம் எது வேண்டுமானாலும் விடலாம். ஜெட் விட வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற ரேடியோவுக்கு ரெண்டு பேட்டரி இருக்க வேண்டும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு தாங்க வேண்டும். ஏன் என்றால் ஏரிக்குள்ளே ஆடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ரேடியோவுக்குக் கரண்ட் போய்விட்டால், ஜெட் என்பது மேலேயிருந்து விழுகிற ஒரு கடப்பாரை.

"நமக்கு கம்ப்யூட்டர்ல எழுதத்தான் வரும் அண்ணாச்சி. ஈயம் வைக்கணும்னா கை நடுங்கும். நீங்கதான் செய்யணும்" என்றார். கையில் ரெண்டு தாள் வைத்திருந்தார். இண்டர்நெட்டிலிருந்து எடுத்தது. படம் போட்டு, பக்கத்தில் இங்கிலீஷில் பொடிப் பொடியாக எழுத்து. அதைப் படித்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், சந்தேகம் இருந்தால் போன் பண்ணுங்கள் என்று வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். பேட்டரி மேல் இருப்பதைப் படிப்பேன், வண்டி நம்பர் படிப்பேன். அதற்கு மேல் வராது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. படத்தைப் பார்த்தேன். ரெண்டு பேட்டரி, ரெண்டு சுவிட்ச், ரெண்டு டயோடு. டயோடு என்பது கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்னச் சாமான். ஒரு பேட்டரி செத்துப்போனால், நல்ல பேட்டரியின் கரண்டை அது தன் பக்கம் இழுத்துவிடாமல் டயோடு தடுக்கும். இது எனக்குத் தெரியாதா? படத்தில் பாதி பார்த்ததுமே தாளை மடித்து டிராயரில் போட்டேன். சாயங்காலம் அவர் போன் பண்ணி, தாளைப் படித்தீர்களா என்று கேட்டார். முழுக்கப் படித்தேன் என்றேன். முதல் பொய் அது. அப்போது அது பொய் மாதிரியே தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். லாரியில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கொண்டுபோய் சேசிஸ் இரும்பில் முடுக்கிவிடுவோம். வண்டி முழுக்க இரும்பு. அப்புறம் வண்டி முழுக்க எர்த்து. டெயில் லைட்டுக்கு, ஹாரனுக்கு, வைப்பருக்கு என்று எதற்கு வயர் இழுத்தாலும் பாசிட்டிவ் மட்டும் இழுத்தால் போதும். திரும்பிப் போகிற வழி இரும்பே பார்த்துக்கொள்ளும். இப்படியே ஒரு ஆயுசு வேலை பார்த்தவனுக்கு நெகட்டிவ் என்று ஒண்ணு இருப்பதே மறந்துபோகும். தலையில் ஓடுவது எல்லாம் சிவப்பு வயர்தான்.

ஜெட்டில் இரும்பு ஏது? எல்லாம் பைபரும் பலகையும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கை லாரிக்குப் போடுகிற மாதிரியே போட்டது. சிவப்பு ரெண்டையும் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், ஒரு டயோடு வைத்து, மெழுகு நூலால் ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டு கட்டிக் கொண்டுபோனேன். நகை வேலை மாதிரி இருந்தது. கறுப்பு ரெண்டையும், அதாவது நெகட்டிவை, ஒண்ணாக முறுக்கி, ஈயம் வைத்து, அங்கிருந்து ஒரே ஒரு கறுப்பு வயரை ரேடியோவுக்கு விட்டு, மேலே ரப்பர் ஸ்லீவ் போட்டு மூடினேன்.

அவர் வந்து பார்த்து அசந்துபோனார். போட்டோ எடுத்தார். அப்புறம் ஒரு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு, கறுப்பு மட்டும் ஒண்ணுதான் வருதே அண்ணாச்சி என்று கேட்டார்.

"பூமி எத்தினி நைனா?" என்றேன்.

"ஒண்ணு."

"எர்த்தும் ஒண்ணுதான்."

கடையில் உட்கார்ந்திருந்த ரெண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சரி அண்ணாச்சி, உங்களுக்குத் தெரியாததா என்றார்.

அடுத்த ஞாயிறு என்னையும் ஏரிக்குக் கூப்பிட்டார். போனேன். சட்டைப் பையில் மீட்டரோடுதான் போனேன், டாக்டர் கழுத்தில் குழாய் மாட்டிக்கொண்டு போவது மாதிரி. ரிட்டயர்டு சார் மூடியைத் திறந்து பார்த்தார். முதல் பேட்டரியின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குச்சியைத் தள்ளினார், இறக்கையில் இருக்கிற மடக்கு ஆடியது. அதைப் போட்டுவிட்டு ரெண்டாவதை அணைத்தார், அப்பவும் ஆடியது. யார் வயரிங் என்று கேட்டார். நான் ரெண்டு அடி முன்னே வந்து நின்றேன். மூணு தடவை பறந்தது. ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேலே விசில் அடித்துக்கொண்டு போகும்போது, ஆகாசத்தில் போவதே நான்தான் என்கிற மாதிரி பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசிக்கொண்டு நின்றேன். லாரிக்காரனுக்கு வண்டி ரோட்டில் நின்றுபோனால் இறங்கிப் பார்க்கலாம், இதுக்கு நின்னு பாக்க ரோடு ஏது, அதனாலதான் நம்ம கை வேணும் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆடு மேய்க்க வந்த பெண்பிள்ளையிடம் கூடச் சொன்னேன்.

நாலாவது தடவை, அதற்கடுத்த ஞாயிறு.

சேக்காட்டுக்காரர் ஜெட்டை ஏரியின் அந்தக் கோடிக்கு அனுப்பி, மெதுவாகத் தாழ்வாகத் திருப்பினார். சத்தம் நின்றது. குறைந்து குறைந்து நிற்கவில்லை, கதவை மூடின மாதிரி நின்றது. மூக்கு கீழே போயிற்று. அவர் குச்சியை இழுக்கிறார், இழுக்கிறார், அது கேட்கவே இல்லை. சீமைக்கருவேலப் புதருக்குள்ளே சொருகியது. ஆடு மேய்த்த பெண் அதற்கு இருபது அடியில் நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடுகள் நாலா பக்கமும் சிதறின.

அறுபத்தாறு வயசில் நான் அந்த மாதிரி ஓடினதில்லை. எல்லோருக்கும் முன்னால் புதருக்குப் போனது நான்தான். முள் கிழித்தது கூடத் தெரியவில்லை. மூக்கு நசுங்கி, மேல் மூடி பிய்ந்து, வயரெல்லாம் குடல் மாதிரி வெளியே கிடந்தது. நிறைய வயர் அறுந்திருந்தது. ஆனால் நான் தேடிப் பார்த்தது ஒரே ஒரு வயரைத்தான். யாரும் சொல்லாமலே என் கை அங்கேதான் போயிற்று.

கறுப்பு வயர், ஸ்லீவுக்குப் பக்கத்தில், ஈயம் முடிகிற இடத்தில் விட்டிருந்தது.

அறுந்த வயரை எனக்குப் படிக்கத் தெரியும். அந்தப் படிப்பு எனக்கு உண்டு. இழுத்து அறுந்த வயர் என்றால் ஒவ்வொரு இழையும் மெலிந்து நீண்டு பளபளவென்று இருக்கும். ஆடி ஆடி விட்டுப்போன வயர் கத்தரியால் நறுக்கின மாதிரி ஒரே மட்டமாக இருக்கும், இழைகள் மங்கியிருக்கும். மற்ற வயரெல்லாம் விழுந்ததில் அறுந்தது. இது விழுவதற்கு முன்னாலேயே விட்டுவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இழை விட்டு, கடைசி ரெண்டு மூணு இழை ஆகாசத்தில் போயிருக்கிறது. அதனால்தான் விழுந்தது. ரெண்டு பேட்டரியும் உயிரோடு இருந்தும், ரெண்டுக்கும் திரும்பி வருகிற வழி ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணை வைத்தவன் நான்.

இதெல்லாம் புரிய எனக்கு ஒரு மூச்சு கூட ஆகவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ரிட்டயர்டு சார் வந்தார், மற்றவர்கள் வந்தார்கள். கடைசியில் அவர் வந்தார், ரேடியோ பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முகம் வெளுத்து. முதலில் அந்தப் பெண்ணிடம் போய் அடிபட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தார். அவள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ரேடியோவுக்குக் கரண்ட் போயிற்றா என்று ரிட்டயர்டு சார் கேட்டார்.

நான் பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். ஒரு பேட்டரியின் ரெண்டு முனையிலும் வைத்தேன். ஃபுல். அடுத்த பேட்டரியில் வைத்தேன். அதுவும் ஃபுல். மீட்டரைத் திருப்பி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினேன்.

"ரெண்டுமே ஃபுல்லா கீது சார். பாத்துக்கோ."

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சொன்னது நிஜம். அந்த நிஜத்தை வைத்து நான் ரெண்டாவது பொய் சொன்னேன். இந்தக் கையால் எத்தனையோ டிரைவர்களுக்கு மீட்டர் காட்டியிருக்கிறேன். பார்க்கிறவன் முள்ளை நம்புவான், நம்பரை நம்புவான், அதைப் பிடித்திருக்கிறவனையும் சேர்த்து நம்புவான்.

ரிட்டயர்டு சார் அவரைப் பார்த்துத் திரும்பினார். கரண்ட் இருக்கு, பெட்டியும் வேலை செய்யுது, அப்போ கைதான் என்றார். மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததை, விசிறிக் குச்சியையும் இறக்கிவிட்டு, அவ்வளவு சாய்த்துத் திருப்பலாமா, தாங்காமல் விழாமல் என்ன செய்யும் என்றார். இவர் குச்சியை இழுத்தேன் சார், வரல என்று சொன்னார். ரெண்டு மூணு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசித் தடவை, இழுத்தேன்னுதான் நினைக்கேன் என்றார்.

ஆள் மேல் விழப் பார்த்தது சின்ன விஷயம் இல்லை என்று அங்கேயே முடிவு பண்ணினார்கள். இனிமேல் அவர் அந்த ஏரியில் ஜெட் விடக் கூடாது. வேண்டுமானால் புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்கள் மாதிரி, பக்கத்தில் ஒருத்தர் நின்று பார்க்க, தெர்மாகோல் விமானம் விடலாம். ஏழெட்டு வருஷமாகப் பறக்க விடுகிற மனுஷன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் உடைந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோணியில் போட்டார். நானும் பொறுக்கிக் கொடுத்தேன். அந்தக் கறுப்பு வயரையும் நான்தான் கோணியில் போட்டேன், மற்றதுக்கு அடியில்.

 ஒரு வாரம் போனது. என் வீட்டம்மா சோறு போட்டுக்கொண்டே, "இன்னா, முந்தின வாரமெல்லாம் காது கிழிய ஏரோப்ளேன் கதை. இப்ப ஒண்ணியும் காணோம்?" என்று கேட்டாள். ஏரியில் தண்ணி வந்திருச்சி, இப்போ விடுறதில்ல என்றேன். மழையே பெய்யாத மாசம் அது. அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள், ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. வீட்டில் சொல்வதை எண்ண ஆரம்பித்தால் மூணோடு நிற்காது.

மூணாவது பொய்தான் இருப்பதிலேயே கேவலம்.

ரெண்டு வாரம் கழித்து அவர் கடைக்கு வந்தார். வேலை எதுவும் கொண்டு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. ஜெட்டை இனிமேல் தொடப் போவதில்லை என்றார். கண்ணை மூடினால் அந்தப் பெண்பிள்ளை நின்ற இடம் தெரிகிறதாம். காரில் போகும்போது கூட, பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று திடீரென்று சந்தேகம் வருகிறதாம். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்க. உள்ளதைச் சொல்லுங்க. என் கைதானா?"

கடையில் வேறு யாரும் இல்லை. டிரைவர் இல்லை, ரிட்டயர்டு சார் இல்லை. சொல்லியிருந்தால் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது என்று எழுதலாம். அது கூட இல்லை. வரவே இல்லை. அவர் கேட்டு முடிக்கும் முன்னாலேயே பதில் தயாராக இருந்தது.

"வேகம் கொஞ்சம் கம்மியா இருந்திச்சி நைனா. யாருக்குத்தான் கை தவறல. உட்டுத் தள்ளு."

அவர் தலையாட்டினார். நீங்க ஒருத்தர்தான் உங்க வேலையைச் சரியா செஞ்சீங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது. அதை எடுத்து ஊற்றக் கூட எனக்குக் கை வரவில்லை. ஆடை கட்டி, ஈ விழுந்து, சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது.

இது இப்படியே போயிருந்தால் நானும் அப்படியே இருந்திருப்பேன். என் யோக்கியதை அவ்வளவுதான். ஆனால் அந்த ஏரிக்கு வருகிறவர்களில் பூந்தமல்லியில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற ஒரு டாக்டரம்மா உண்டு. அவரும் ஒரு ஜெட் வாங்கியிருந்தார். எங்கள் கடையைத் தேடி வந்து, சேக்காட்டுக்காரர் ஜெட்டில் போட்ட மாதிரியே போட்டுக் கொடுங்கள், விழுந்து நொறுங்கியும் ரெண்டு பேட்டரியும் ஃபுல்லா இருந்ததாமே, அதே வயரிங்தான் வேண்டும் என்றார்.

அதே வயரிங். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அவர் போனதும் டிராயரைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். எழுத்தை விட்டுவிட்டு, படத்தை மட்டும், ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடு ரெண்டு. ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் ஒரு கறுப்புக் கோடு, தனித்தனியாக ரேடியோ வரை போய், தனித்தனியான ரெண்டு ஓட்டையில் சொருகுகிறது. எழுத்தே வேண்டாம். படத்தை முழுசாகப் பார்த்திருந்தாலே போதும். படிக்கத் தெரியாததால் நடந்தது என்று சொல்லி என் மனசை நான் ஆற்றிக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானமும் போயிற்று. எனக்குத் தெரியாதது ஒண்ணும் இருக்காது என்று பாதியில் மடித்து வைத்தேன், அதுதான் நடந்தது.

டாக்டரம்மா விமானத்துக்கு ரெண்டு கறுப்பு போட்டேன். ஈயம் முடிகிற இடத்தில் வயர் ஆடாமல் இருக்க ஒரு கட்டு கூடுதலாகப் போட்டேன். ஒரு லாரிக்குப் போட்டிருந்தால் பாதி நாளில் முடிகிற வேலை. நாலு நாள் பண்ணினேன்.

எடுத்துப் போக வந்த அன்றைக்கு டாக்டரம்மா சேக்காட்டுக்காரரையும் கூட்டி வந்துவிட்டார். எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது, நீங்கள் ஒரு தரம் பார்த்துச் சொல்லுங்கள் என்று அவரை அழைத்தாராம். அவர் தாடியோடு இருந்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் ஜெட்டுக்குப் பக்கத்தில் வருகிற மனுஷன் மாதிரி, மூடியைத் திறக்கும் முன்னால் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. விரலால் ஒரு கறுப்பைத் தொட்டார், அடுத்த கறுப்பைத் தொட்டார்.

"இதுல ரெண்டு எர்த்து இருக்கே அண்ணாச்சி."

நான் ஈயக் கம்பியைச் சுற்றி வைக்க ஆரம்பித்தேன்.

"பூமி எப்ப ரெண்டாச்சி?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிறவர் மாதிரி கேட்டார். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புது மாதிரி, இம்ப்ரூவ் பண்ணி இருக்கேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்ல இருந்தேன். அவர் கண்ணைப் பார்த்தேன். அவருக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது. ஒவ்வொரு கணக்காகப் போட்டுக்கொண்டிருக்கிற கண்.

"உன் கை இல்ல நைனா. என் எர்த்து. ஆகாசத்துலயே உட்டுப்போச்சி" என்றேன்.

"எப்பம் தெரியும்?"

"பொதர்லயே."

அவர் மெதுவாக மூடியை மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நான் இங்க வந்து உக்காந்து கேட்டேன்லா" என்றார். அவ்வளவுதான். அப்புறம் வாசல் வரை போய், திரும்பாமலே சொன்னார், இதை எங்கிட்ட சொன்னா போதாது அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை அங்க வந்து சொல்லுங்க என்று.

அந்த ஞாயிறு வராமல் போகாதா என்று இருந்தது. வந்தது. பைக்கை ஏரிக் கரையில் நிறுத்தினேன். எல்லோரும் இருந்தார்கள். அவரும் வந்திருந்தார், வெறும் கையோடு. டாக்டரம்மா தன்னுடைய ஜெட்டை மேஜை மேல் வைத்திருந்தார். ரிட்டயர்டு சார், என்ன பெரியவரே, ரொம்ப நாளா காணோமே என்றார்.

நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன். நாப்பத்தஞ்சு வருஷமா லாரி வயரிங் பண்றவன் சார் நான், பாடி ஸ்டாண்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க, இதுவரைக்கும் ஒரு வண்டி கூட—

"அது வேண்டாம் அண்ணாச்சி" என்றார் அவர். சத்தமாகச் சொல்லவில்லை. "வயரை மட்டும் சொல்லுங்க."

அந்த இடத்தில் எனக்கு வேஷ்டி அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டால் என்னிடம் பேச்சே ஆறு வார்த்தைதான் மிஞ்சுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எர்த்து ஒண்ணுதான் போட்டேன், உட்டுப்போச்சி, அதான் விழுந்திச்சி என்றேன்.

ரிட்டயர்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். அன்னிக்கு மீட்டர் வெச்சுக் காட்டினீங்களே என்று கேட்டார்.

"பேட்டரில வெச்சிக் காட்டினேன். ரேடியோகிட்ட வெச்சிக் காட்டல."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான் சார்."

 பின்னால் யாரோ ஒருத்தர், த்ச் என்றார். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அவுட்டா இல்லையா என்று சண்டை போடுகிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. ரிட்டயர்டு சார் என்னைப் பார்க்காமல் சேக்காட்டுக்காரர் பக்கம் திரும்பி, தப்பு எங்க மேலயும் இருக்குப்பா, நீ சொன்னப்ப கேட்டிருக்கணும், உன் ஜெட்டை எப்ப வேணும்னாலும் கொண்டு வா என்றார்.

கொண்டு வர ஜெட் ஏது? அவர் வீட்டில் ஒரு கோணி நிறைய துண்டுதான் இருக்கிறது. திரும்பக் கட்ட ஒண்ணரை வருஷம் ஆகும் சார் என்றார். கட்டுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா தன்னுடைய ஜெட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இதைப் பறக்க விடலாமா என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை. அவரைக் கேட்டார். நான் மூணடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அவர் மூடியைத் திறந்தார். நான் போட்ட ஒவ்வொரு கட்டையும் விரலால் அசைத்துப் பார்த்தார். ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்தார், சும்மா இல்லை, நன்றாகவே இழுத்தார். சிவப்பு, சிவப்பு, கறுப்பு, கறுப்பு. அது ஒவ்வொன்றும் என் உடம்பில் இழுக்கிற மாதிரி இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் வேலையை இன்னொருத்தர் சோதிக்க நான் பக்கத்தில் நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, விடலாம் மேடம் என்றார்.

டாக்டரம்மா குச்சியைத் தள்ள, ஜெட் ஓடி மேலே ஏறியது. அதே விசில். எல்லோர் தலையும் ஒண்ணாக அண்ணாந்தது. எனக்கு அண்ணாந்து பார்க்க முடியவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் ஆகாசத்தில் இருந்தது. கை ரெண்டும் வயிற்றுக்கு முன்னால், எதையோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது, கையில் ஒன்றும் இல்லை. ஜெட் அந்தக் கோடியில் திரும்பும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் ரெண்டும் தன்னால் அசைந்துகொண்டிருந்தன.